உன் அம்மா போட்ட கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பம்பாயிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகப் போகிறது. அப்பா ஏன் பதில் போடவில்லை, உடம்புக்கு ஏதாவதா என்று அம்மாவுக்குத் தனியாக ஒரு கார்டு போட்டுக் கேட்டிருந்தாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், பள்ளிக்கூடம் போகிறேன், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வழக்கம்போலத் திட்டித் தீர்க்கிறேன். ஆனால் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து என்னைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது. காலையில் சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தால், எதிரே இருக்கிற ஆளிடம் முகம் கொடுத்துப் பேசப் பிடிக்கவில்லை. இந்த வயதில் ஒரு மனிதனுக்குத் தன்மேல் இப்படி அருவருப்பு வரக்கூடாது. வந்துவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

அந்த இரண்டாம் பக்கத்தில் நீ சந்தோஷமாக என்ன எழுதியிருந்தாய் என்று நினைவிருக்கிறதா? ஜெர்மனியில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்ததே நம் வீட்டுக் கணக்கால்தான் என்றாய். நம் மதுரைப் பேராசிரியரின் கட்டுரையில் இருக்கிற அந்த ஒரு எண்ணை அஸ்திவாரமாக வைத்துத்தான் மூன்று வருடத்துக்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தேன், அதை என் அப்பா கையாலேயே கணக்கிட்டார் என்றும் பெருமையாகச் சேர்த்தேன் என்றாய். தம்பி, அந்த எண் தப்பு. தப்பு என்று தெரிந்தேதான் கொடுத்தேன். உன் அம்மா சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவள் வாயை அடைத்துவிட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் நீ விமானம் ஏறுவதற்குள் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நீ பி.யூ.சி. படித்த வருடம் அது. மதுரையில் ஹாஸ்டலில் இருந்தாய், அதனால் வீட்டில் நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். பேராசிரியரும் நானும் மதுரையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவர் மேலே படிக்கப் போனார், நான் வாத்தியாராக வந்தேன். வகுப்பில் என்னைவிடக் குறைவாக மார்க் வாங்கியவர் இங்கிலாந்து போய்விட்டு வந்து கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரியும். திண்டுக்கல் ஸ்டேஷனில் இறங்கினால் தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றத்துக்காகக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே நம் வீடுவரை நடந்து வருவார். ‘இங்கே எப்படி சார் குடியிருக்கிறீங்க?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். எனக்கு அந்த நாற்றம் எப்போதோ பழகிவிட்டது. என்னென்ன நாற்றத்துக்கெல்லாம் நான் பழகிக்கொள்வேன் என்று அன்றைக்கே யோசித்திருக்கலாம்.

பிளாஸ்டிக் செய்கிற வினையூக்கி பற்றி அவர் ஆராய்ச்சி. எத்திலீன் வாயுவைச் சங்கிலியாகக் கோத்துப் பிளாஸ்டிக்காக மாற்ற, டைட்டானியம் ஒன்றும் அலுமினியம் ஒன்றுமாக இரண்டு உலோகச் சேர்மங்களைக் கலந்து போடுகிறார்கள் என்று சொன்னார். வினையூக்கி என்றால் என்னவென்று உன் அம்மாவுக்கு அரை மணி நேரம் விளக்கினார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “நம்ம அய்யலூர் சந்தைத் தரகர் மாதிரியாங்க? துண்டுக்குள்ள கையை விட்டு வெலையப் பேசி ரெண்டு பேரையும் சேத்து விட்டுட்டு, ஆட்டையும் ஓட்டிட்டுப் போகாம அடுத்த ஆளுகிட்டப் போயிருவாரே, அந்த மாதிரியா?” என்றாள். பேராசிரியர் கொஞ்சம் திகைத்துப்போனார். “தரகு வாங்காத தரகர்னு வச்சுக்கங்கம்மா” என்றார். அந்த வருடம் முழுவதும் நம் வீட்டில் டைட்டானியத்துக்குத் தரகர் என்றுதான் பெயர்.

கேள்வி இதுதான். உனக்குத் தெரிந்ததுதான், என் கணக்கை நீ சரிபார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வாயு வந்து ஒட்டுகிற இடத்தில் டைட்டானியம் மட்டும் போதுமா, இல்லை பக்கத்தில் அலுமினியமும் கைகொடுத்தால்தான் நடக்குமா? இரண்டு வழிகளிலும் ஏறிக் கடக்க வேண்டிய ஆற்றல் மேடு எவ்வளவு உயரம் என்று கணக்கிட்டால், எது தாழ்ந்த மேடோ அதுதான் வழி. இரண்டும் கைகோத்தால்தான் நடக்கும் என்பது பேராசிரியரின் கட்சி. வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் அப்படிப் பேசியும் விட்டார். கணக்குத்தான் பாக்கி. அவருடைய கல்லூரியில் கைப்பிடி சுற்றுகிற கணக்கு மெஷின் ஒன்று இருந்தது, சுற்ற ஆள் இல்லை. எட்டுக்கு எட்டுக் கட்டமாக எண்களைப் போட்டு, பெருக்கி, கழித்து, அடுத்த கட்டத்துக்கு எடுத்துப் போய், திரும்பப் பெருக்கி என்று மாதக்கணக்கில் உட்கார வேண்டிய வேலை அது. மெஷினையும் தாள்களையும் என்னிடம் கொண்டுவந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வாத்தியார் வேலைக்கு நடுவே நானும் ஆராய்ச்சி செய்யப் போகிறேனே!

இந்த மாதிரிக் கணக்குக்கு ஒரு முறை உண்டு. இரண்டு பேர் தனித்தனி நோட்டில், ஒருவர் நோட்டை ஒருவர் பார்க்காமல், முதலிலிருந்து கடைசிவரை போட வேண்டும். ஒரு கட்டம் முடிந்ததும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் படிக்க மற்றவர் டிக் அடிக்க வேண்டும். ஒத்துப் போகாத இடத்தில் இருவரும் திரும்பப் போட வேண்டும். ஒத்துப் போகும்வரை எந்த எண்ணும் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. இரண்டாவது ஆளாக யாரைப் பிடிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா, “நான் போடுறேனே” என்றாள். பள்ளியிறுதியில் கணக்கில் அவள் வாங்கிய மார்க்கை என் மாமனார் கல்யாணப் பேச்சில் சொன்னபோது நான் சிரித்துக்கொண்டேன். அதற்கப்புறம் பதினெட்டு வருடம் அதைப் பற்றி நினைத்ததே இல்லை.

பகலில் அவள் சுற்றுவாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் சுற்றுவேன். மெஷின் கடகடவென்று சத்தம் போடுவதைக் கேட்டு நாங்கள் தையல் மிஷின் வாங்கிவிட்டோம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு அம்மாள் ரவிக்கைத் துணியோடு வந்து நின்றாள். ஒத்துப் பார்க்கும்போது தகராறு வந்தால், பத்துக்கு எட்டு தடவை தப்பு என் நோட்டில்தான் இருக்கும். அவள் அதைச் சொல்கிற விதமே தனி. “செத்த இங்க பாருங்களேன், எனக்குத்தான் தப்பா வருதான்னு” என்பாள். என் கௌரவத்துக்கு அடி படாமல் என் தப்பை என்னையே கண்டுபிடிக்க வைப்பாள். நான் கண்டுபிடித்துவிட்டு அவளுக்கே பாடம் நடத்துவேன். அவளும் கேட்டுக்கொள்வாள். அந்த மாதங்களில் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

கடைசிக் கட்டத்துக்கு இருவரும் புது நோட்டுப் போட்டோம், நான் முதலில் முடித்துவிட்டேன். விடை பேராசிரியர் நினைத்த மாதிரியே வந்திருந்தது. இரண்டு உலோகமும் சேர்ந்த வழியில் மேடு நன்றாகத் தாழ்ந்திருந்தது. அம்மாவுக்கு இன்னும் நான்கு நாள் வேலை பாக்கி இருந்தது. ஒத்துப் பார்க்கும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதானே? பொறுக்கவில்லை. அன்று மாலையே தபாலாபீசுக்கு நடந்து போய், ‘உங்கள் எண்ணம் முழுக்கச் சரி, வாழ்த்துகள்’ என்று ஒரு கார்டு எழுதிப் போட்டேன். இங்கிலாந்து போய் வந்தவருக்கு நான் வாழ்த்துச் சொல்கிறேன் என்ற பெருமை. இப்போது எழுதும்போதே கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

சனிக்கிழமை காலை பாசஞ்சரில் அவர் கையில் இனிப்புப் பொட்டலத்தோடு வந்து இறங்கினார். கூடத்தில் உட்கார வைத்துவிட்டுக் காப்பி சொல்ல அடுப்படிக்குப் போனேன். உன் அம்மா இரண்டு நோட்டையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பன்னண்டாம் பக்கத்துல இருந்து அடுத்த பக்கத்துக்கு எடுத்து எழுதுறப்ப ஒரு கழித்தல் குறிய விட்டுட்டீங்க. அங்கேருந்து அம்புட்டும் மாறிப் போச்சு. மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன். டைட்டானியம் தனியாவே சேத்துருதுங்க. அலுமினியம் பக்கத்துல இருந்தா மேடு ஏறத்தான் செய்யுது. சார் நெனச்சதுக்கு நேர் எதிரா வருது” என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். ஒரு புது விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டவளுடைய சந்தோஷம் அது.

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அதை மட்டும் நான் மறைக்க மாட்டேன். ‘அன்றைக்குக் குழப்பமாக இருந்தது, நோட்டைச் சரியாகப் பார்க்கவில்லை’ என்று எழுதிவிட்டுத் தப்பிக்கலாம்தான். குழப்பமே இல்லை. கழித்தல் குறி என் நோட்டில் இல்லை. அதே குறியை விட்டதற்காக எத்தனை பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறேன்! ஆனால் என் கார்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. கூடத்திலிருந்து அவர் குரலும் கேட்டது. “சார், பையனுக்கு நம்ம டிபார்ட்மெண்ட்லயே சீட்டுப் போட்டுடலாம், அதப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க.” உன் அம்மாவைப் பார்த்து, “நீ செத்த நேரம் வாய மூடிட்டு இரு” என்றேன்.

அவள் மூடவில்லை. காப்பியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, “சார், பன்னண்டாம் பக்கத்த ஒரு தடவ பாத்துருங்க. எனக்கு வேற மாதிரி வருது” என்றாள். பேராசிரியர் என்னைப் பார்த்தார், காப்பியை ஒரு வாய் குடித்தார், “அம்மா கணக்கு காப்பியில கச்சிதமா இருக்கு. சர்க்கரை அளவெல்லாம் பிரமாதம்” என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன், தம்பி. சும்மா உதட்டளவில் இல்லை, தொடையைத் தட்டிச் சிரித்தேன். தப்பான எண்ணைக் கொடுத்ததைவிட அந்தச் சிரிப்புத்தான் எனக்கு இன்றும் அருவருப்பாக இருக்கிறது. வாயில் அழுகிய கத்தரிக்காயைக் கடித்த மாதிரி. துப்பிவிடலாம் என்றால் ஆறு வருடமாக நாக்கிலேயே இருக்கிறது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்த நேரத்தில் நான் செய்தது அதைவிடக் கேவலம். உன் அம்மா நோட்டிலிருந்து பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு இருந்ததையெல்லாம் கிழித்தேன். என் நோட்டைப் பார்த்து அவள் கையெழுத்திலேயே எழுதித் தரச் சொன்னேன். பையன் எதிர்காலம் என்றேன். அந்த வார்த்தையை வைத்துத்தான் அப்பன்மார் எல்லா அயோக்கியத்தனத்தையும் செய்கிறோம். அவள் பேனாவை எடுத்தாள். “என் கையெழுத்துதான வேணும், எழுதித் தாரேன். ஆனா இது நான் போட்ட கணக்குன்னு யாருகிட்டயும் சொல்லிராதீங்க” என்றாள். நான் சொல்லவில்லை. எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. கிழித்த தாள்கள் வெந்நீர் அடுப்பில் எரிந்தன. விழித்தெழுந்த பேராசிரியர், “ரெண்டு நோட்டும் ஒத்துப் போகுதா சார்?” என்று கேட்டார். “போகுது” என்றேன். அவருக்கு உள்ளூரத் தெரியுமா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. அவர் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறக்கவில்லை என்பது மட்டும் தெரியும். ஆனால் பழியை அவர் தலையில் கட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன்.

உனக்குச் சீட்டுக் கிடைத்தது. கட்டுரை அச்சாகி வந்தது, கடைசி வரியில் ‘திண்டுக்கல் நண்பருக்கு’ நன்றி சொல்லியிருந்தார். அதோடு பம்பாய்ப் பிளாஸ்டிக் ஆலை ஒன்றைப் பார்க்கப் போன இடத்திலிருந்து ஒரு மஞ்சள் நிற டம்ளரும் கொண்டுவந்து கொடுத்து, “நம்ம கணக்குல பிறந்த பொருள் சார் இது” என்றார். அந்த ஆலைக்காரனுக்கு எங்கள் கணக்கைப் பற்றி என்ன தெரியும்? எந்த மேடு உயரம், எந்த மேடு தாழ்வு என்று அவனா பார்த்துக்கொண்டிருக்கிறான்? நான் அதில் காப்பி குடித்துப் பார்த்தேன். சூடு பட்டதும் ஒரு வாடை வந்தது, அப்படியே சாக்கடையில் கொட்டினேன். உன் அம்மா அதில் சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்குகிற இடத்தில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஊரெல்லாம் பிளாஸ்டிக் வந்துவிட்டது. வண்டி வண்டியாகப் பூ வந்து இறங்குகிற இந்த ஊரில், போன மாதம் ஒரு கல்யாணத்தில் மேடை முழுக்கப் பிளாஸ்டிக் ரோஜாவைக் கட்டி, அதன்மேல் செண்ட் அடித்து வைத்திருந்தார்கள். எல்லோரும் தொட்டுப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, பந்தியிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். உன் தொழிலைப் பழிக்கிறேன் என்று நினைக்காதே. பிளாஸ்டிக் என்ன பாவம் செய்தது? அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு என் சிரிப்புக் கேட்கிறது, அவ்வளவுதான்.

உன் அம்மா அதன்பிறகு மெஷினைத் தொடவில்லை. பேராசிரியர் வேறு கணக்குக் கொண்டுவந்தபோது, “எனக்குக் கை வலிங்க” என்று சொல்லிவிட்டாள். தனியாகச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை, மெஷின் மதுரைக்குத் திரும்பிப் போனது. பால் கணக்கைக்கூட இப்போது என்னையே பார்க்கச் சொல்கிறாள்.

உன் கடிதம் வந்த பிறகு இந்த இரண்டு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. பேராசிரியர் கொடுத்த ஆரம்பத் தாள்களின் நகலும் என் பழைய நோட்டும் என்னிடம் இருந்தன. பள்ளிக்கூடம் விட்டதும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, லாகரிதம் புத்தகத்தை வைத்துக்கொண்டு, தப்பு நடந்த பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, “என்ன சார், ரிடையர் ஆகுற நேரத்துல எம்.ஏ. படிக்கிறீங்களா?” என்று கிண்டல் செய்தார். போன வாரம் முடிந்தது. அன்றைக்கு அடுப்படியில் உன் அம்மா சொன்ன அதே விடை வந்தது. டைட்டானியம் மட்டும் போதும். தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். இயற்கையில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது, இந்தக் கணக்கு முறையே கரடுமுரடானது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆனால் கணக்கு சொன்னது இதைத்தான். பம்பாயில் அட்டையில் துளை போட்டு உள்ளே தள்ளினால் கம்ப்யூட்டர் தப்பே செய்யாது என்கிறாயே, அதில் இந்த எண்களைப் போட்டுப் பார். மெஷின் தப்பு செய்யாதுதான். எந்த எண்ணை உள்ளே கொடுப்பது, எந்த விடையை வெளியே சொல்வது என்று முடிவு செய்கிறவன் என்னை மாதிரி ஒருவனாக இருந்தால் அது என்ன செய்யும்?

பார்த்துவிட்டு, உன் ஜெர்மன் பேராசிரியருக்கு நீயே எழுதிவிடு. அங்கே போன பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. ஒரு கார்டை அவசரப்பட்டுப் போட்டதால் நான் கெட்டேன், ஒரு பேச்சை ஆறப்போட்டதால் இன்னும் கெட்டேன். இடம் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, போவது உன் இடம், என்னுடையது இல்லை. கோபம் வந்தால் என்மேல் கோபப்படு. ஊருக்கு வந்து முகத்துக்கு நேரே கேட்டாலும் சரி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு உனக்குக் கீழே நான்கு பேர் கணக்குப் போடுவார்கள். அதில் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, எனக்கு வேறு மாதிரி வருகிறது என்று சொல்வார். அப்போது யார் என்ன சொல்லிச் சிரித்தாலும் நீ சிரிக்காதே. எழுந்து போய் அந்தப் பக்கத்தைத் திற.

இதுவரை எழுதி முடித்துவிட்டு, உறையில் போடுவதற்கு முன்னால் கடிதத்தை உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவளைப் பற்றி எழுதியிருக்கிறேனே, படிக்கட்டும் என்றுதான். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் விடாமல் படித்தாள். கணக்குத் தாள்களையும் புரட்டினாள். ஏதாவது சொல்வாள் என்று நின்றுகொண்டே இருந்தேன். தாள்களை வரிசையாக அடுக்கி என் கையில் கொடுத்தாள்.

“அம்புட்டையும் அவனுக்குத்தான் எழுதியிருக்கீங்க. தப்புப் பண்ணது என்கிட்டதான” என்றாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு, தபாலாபீசுக்குப் போய்விட்டு வந்து பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். தெருமுனை வரை போனேன். அன்றைக்குக் கார்டு போடப் போன அதே அவசரம் என்று உறைத்தது, திரும்பி வந்துவிட்டேன். இப்போது கூடத்தில் உட்கார்ந்து இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். அவள் அடுப்படியில் இருக்கிறாள். அவளிடம் வாயைத் திறந்து சொல்லாமல் இதைத் தபாலில் போட மாட்டேன். ஆகவே இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்திருந்தால், சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

உன் அப்பா